மூடின படம்

செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்துசேராத, விசைத்தறிகள் மட்டும் இரவென்றும் பகலென்றும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், செங்காட்டுப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடைக்கும் நூல் கடைக்கும் நடுவில் அம்மையப்பன் ஸ்டூடியோ வைத்திருந்த அர்த்தநாரி, தன் அப்பா விட்டுப்போன இரண்டு தறிகளையும் அவை நின்ற கூடத்தையும் விற்றுவிட்டுக் கோயமுத்தூருக்குப் போய் ஒரு பெரிய கேமரா வாங்கிவந்தார். அந்தக் கேமரா வந்ததிலிருந்துதான் ஊரில் இருந்த அத்தனை பேருக்கும், தாங்கள் கண்மூடியிருக்கும்போது எப்படி இருப்போம் என்பது தெரியவந்தது.

அதுவரை அர்த்தநாரியின் படங்களில் குற்றமென்று யாரும் எதையும் சொன்னதில்லை, நன்றாயிருக்கிறது என்றும் சொன்னதில்லை. கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் மேடை இருக்கும், மாலை இருக்கும், மாப்பிள்ளையும் பெண்ணும் இருப்பார்கள், சீர்த்தட்டுகள் வரிசையாக இருக்கும், எல்லாரும் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பார்கள். ஆனால் பெண் சிரித்தாளே ஒரு கணம், அதற்குக் கொஞ்சம் முன்னாலோ கொஞ்சம் பின்னாலோதான் படம் விழுந்திருக்கும். தாலி கட்டும் படத்தில் கட்டப்போகிற கை இருக்கும் அல்லது கட்டி முடித்த கை இருக்கும். பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்புவார்கள், அந்தத் திருப்புகிற வேகத்தைக் கண்டதுமே அர்த்தநாரி, இந்தக் கேமராவில் இவ்வளவுதான் வரும் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். விசேஷ வீடுகளுக்கு எல்லாம் அவர் கூடவே போய், அவர் பக்கத்தில் நின்று விளக்கைத் தூக்கிப் பிடிக்கிற அவர் மனைவி மரகதமும் அதை நம்பினாள். அவரும் நம்பினார்.

பிறகு பிரவீன் என்கிற பையன் படித்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் வைத்து டிஜிட்டல் ஸ்டூடியோ திறந்தான். அவன் ஆல்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பனிமலைக்கு முன்னால் நின்றார்கள், ரோஜாப்பூவுக்குள் உட்கார்ந்தார்கள். மண்டபங்கள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் போயின. அர்த்தநாரி ஆள் வராத மத்தியானங்களில் கோயமுத்தூர் கேமராக் கடைக்காரர் கொடுத்திருந்த, அந்தப் பெரிய கேமராவில் எடுத்த படங்கள் போட்ட வழவழப்பான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு கிழவனின் கன்னத்துச் சுருக்கத்துக்குள் நிற்கிற வியர்வை தெரிந்தது, குருவியின் அலகில் ஒட்டிய ஒற்றை உமி தெரிந்தது. கூடத்தை விற்பதற்கு மரகதம் தடை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதை வாங்கினா படம் நல்லா வருமுங்களா?"

வராமல் எங்கே போகும் என்றார் அவர். ஆனால் நல்ல கேமரா இல்லாதவரைக்கும் ஒருவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை இருக்கிறது, அதுவும் வந்துவிட்டால் அப்புறம் என்ன சொல்வது என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே அந்தப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

முதலில் வந்தது கல்லூரியில் சேரப்போகிற ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். பெண் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக் கண்ணை விரித்தாள். அர்த்தநாரி அமுக்கினார். கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையில் படம் வந்தது: நெற்றியில் திட்டாக நின்ற பவுடர், மூக்குத்தியின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள், புருவத்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தன. கண் மட்டும் மூடியிருந்தது. அவர் மறுபடி எடுத்தார், மறுபடியும் மூடியிருந்தது. இமைக்காமல் பாரும்மா என்றார், ஒன்று இரண்டு மூன்று சொல்லி எடுத்தார், சொல்லாமல் எடுத்தார், விளக்கை அணைத்துவிட்டு எடுத்தார். பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் பாத்துக்கிட்டேதானுங்க இருக்கறேன், அவ கண்ணை மூடவே இல்லீங்க" என்றாள் அம்மா.

பழைய கேமராவை எடுத்து ஒன்று எடுத்தார். கழுவிப் பார்த்தால் கண் திறந்து, வழக்கம்போல, யாரோ ஒரு பெண் யாரோ ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு அவர் மரகதத்தை எடுத்தார், மருந்துக்கடைக்காரரை எடுத்தார், டீக்கடை மாஸ்டரை டீ ஆற்றும்போது எடுத்தார், நூல் மூட்டைமேல் படுத்திருந்த பூனையைத் தட்டி எழுப்பி எடுத்தார். எல்லாரும் மூடியிருந்தார்கள், பூனையும் மூடியிருந்தது. மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்துக் கோயமுத்தூர் போனார். கடையில் பழுது பார்க்கிறவர் கேமராவைப் பிரித்துத் துடைத்து மூடி, தெருவில் போன ஒரு போலீஸ்காரரையும் பூக்காரியையும் அர்த்தநாரியையும் எடுத்துக் காட்டினார். போலீஸ்காரரின் கண் திறந்திருந்தது, பூக்காரியின் கண்ணில் எதிர்ச்சாரிக் கட்டடமே தெரிந்தது, அர்த்தநாரி தன் படத்தில் தானே அரண்டுபோய் விழித்துக்கொண்டிருந்தார்.

"கேமராவுல ஒரு கோளாறும் இல்லைங்க" என்றார் பழுது பார்த்தவர். "நீங்க தாராளமா எடுக்கலாம்."

கோளாறு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அர்த்தநாரி அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பார்.

செங்கோட்டுவேலு என்று ஒரு தறி முதலாளி இருந்தார். அவர் கூடத்துக்குள் நுழைந்தால் தறிச் சத்தத்துக்கு மேலே அவர் செருப்புச் சத்தம் கேட்கும் என்பார்கள். அவர் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க, புதுக் கேமரா வந்திருக்கிற சேதி கேட்டு, அவர் அர்த்தநாரியைச் சொல்லியிருந்தார். பழைய கேமராவையே வைத்து எடுத்துவிடலாம் என்றுதான் அர்த்தநாரி அதையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். ஆனால் மேடையில் ஏறியதும் முதலாளி எல்லார் முன்னாலும், புதுசை எடுப்பா, அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது என்றார். அதற்குமேல் வேறு வழி இருக்கவில்லை. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அர்த்தநாரிக்கு உள்ளங்கை வியர்த்தது; ஒவ்வொரு தடவையும் இந்த ஒன்றாவது என்று நினைத்தார். கல்யாணம் முடிந்தது. ஆல்பத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தாலி கட்டினார், பெண் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள், நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பக் கண்ணை மூடியிருந்தார், அட்சதை போட்ட அத்தனை கைகளுக்கு மேலும் அத்தனை மூடின கண்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்கள், சமையல்காரர் கொதிக்கிற அண்டாவுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கரண்டியோடு நின்றார்.

முதலாளி ஆல்பத்தோடு வந்து அதை மேஜைமேல் போட்டார். தன் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பிணங்களா என்று கேட்டார். செத்தவர்களை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துக் கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்கிற வழக்கம் அந்த ஊரில் இன்னும் இருந்ததால், அதைக் கேட்டுக்கொண்டிருந்த பேருந்து நிலையத்தில் பலர் தங்கள் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஊருக்கு ஒரு பயம் பிடித்தது. கல்யாணத்துக்குப் போனவர்கள் தங்களுக்கு ஏதாவது ஆகிறதா என்று தங்களையே கவனித்துக்கொண்டார்கள். லேசாக இருமினால்கூட ஆல்பத்தில் தான் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று விசாரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் வைத்தார்கள், டாக்டர் வந்து எல்லார் கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, சிலருக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மாரியம்மன் நோன்புத் திருவிழாவுக்கு அர்த்தநாரியை வைத்தே அம்மனைப் படம் எடுத்துப் பார்ப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. அம்மனுக்கு அப்படி வராவிட்டால் குற்றம் ஊர்மேல், அம்மனுக்கும் அப்படியே வந்தால் குற்றம் கேமராமேல் என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளிக் கண்மலர் சாத்தி நின்ற அம்மனை அர்த்தநாரி எடுத்தார். படத்தில் வெள்ளிக் கண்மலருக்குப் பதிலாக வெள்ளி இமைகள் தாழ்ந்து கிடந்தன. கூட்டம் பூசாரியின் வாயைப் பார்த்தது. அவர் படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்துவிட்டு, ராத்திரியும் பகலும் இந்தத் தறிச் சத்தத்தில் அவளும் எப்போதுதான் கண்ணசருவாள் என்றார். அன்றிலிருந்து உச்சிப் பொழுதில் கோயில் மணியை மெல்லத் தட்டினார்கள்.

பயம் போய்விடவில்லை, ஆனால் அம்மனே அப்படி இருக்கும்போது அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு வாழலாம் என்றாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் செங்கோட்டுவேலுவின் மனைவி நாகரத்தினம் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் ஸ்டூடியோவுக்கு வந்தாள். தன் வீட்டுக்காரர் தனியாக நிற்கிற படம் ஒன்றைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். அவர் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் கண்மூடின முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆல்பத்தில் இருந்த அந்த முகம் சந்தைக் கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்ட குழந்தையின் முகமாக இருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அவர் வாசலிலிருந்து கத்தும்போதெல்லாம் டப்பாவை நகர்த்தி ஒரு தடவை பார்ப்பாள், பிறகு குழம்பைக் கிளறுவாள்.

இது எப்படியோ வெளியே வந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் மனைவிகள் கணவர்களை அழைத்துவந்தார்கள், பிறகு கணவர்கள் தாங்களாகவே வந்தார்கள், பிறகு தரகர்கள் வந்தார்கள். விழித்திருக்கிற முகத்தை வைத்து எவனும் எதையும் நடித்துவிடலாம் என்று சொல்லி, பெண் பார்க்கப் போகும் முன் இரண்டு வீட்டாரும் மூடின படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற வழக்கம் உண்டாயிற்று. பாஸ்போர்ட்டுக்கும் பரீட்சைக்கும் திறந்த படம் பிரவீனிடம், மனசுக்கு மூடின படம் அர்த்தநாரியிடம் என்று ஊர் பிரித்துக்கொண்டது. சுற்று வட்டார ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து ஸ்டூடியோ வாசலில் நின்றார்கள். வாங்கிப் பார்த்தவர்களில் சிலர் சந்தோஷமாகப் போகவில்லை. ஒருவர் தன் படத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டுக் கம்பெனியை மூடினார். இரண்டு அண்ணன் தம்பிகள் ஒருவர் படத்தை ஒருவர் மாற்றி எடுத்துக்கொண்டுபோய், அதன்பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அர்த்தநாரி கேமராவோடு தெருவில் நடந்தால், வாசலில் நிற்கிறவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும், சற்று நேரம் கழித்துத் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தது.

எல்லாரும் கேமராவைப் புகழ்ந்தார்கள். என்ன கேமரா என்றார்கள், கேமராவென்றால் இதுவல்லவா என்றார்கள். பிரவீன் அதே கேமராவை, அதே லென்ஸோடு, வாங்கிவந்து எடுத்துப் பார்த்தான். கண்கள் பளிச்சென்று திறந்திருந்தன, யாரும் அவனிடம் இரண்டாவது படம் கேட்கவில்லை. அதைக் கேள்விப்பட்ட அர்த்தநாரிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவனுக்கு வராதது தனக்கு ஏன் வருகிறது என்று தெரியாததால், எந்தக் காலையில் அது நின்றுபோகும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. கடையைத் திறந்ததும் முதல் படத்தின் திரையைப் பார்க்கும்வரை அவருக்கு வாய் உலர்ந்திருக்கும். மூடியிருந்தால் பெருமூச்சு விடுவார், விட்ட பிறகு, இதில் பெருமூச்சு விட என்ன இருக்கிறது என்று அதற்கும் கவலைப்படுவார்.

செங்கோட்டுவேலுவின் கூடத்தில் தறி ஓட்டுகிற கலாமணியும் அவள் கணவன் சேமலையும் வந்தது அந்த நாட்களில்தான். சேமலை சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன், நகக்கண்ணெல்லாம் நீலமாக இருக்கும். கோயிலில் வைத்து யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் அவர்களுக்குக் கல்யாணப் படம் கிடையாது. வாக்காளர் அட்டையில் கலாமணி என்ற பெயருக்கு மேலே கறுப்பு மசியில் ஒரு தலை இருந்தது, அது யாருடைய தலையாகவும் இருக்கலாம். மகள் மோனிஷாவையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்காரப்போன கலாமணி, குழந்தை நெளிந்ததால் அவளை இறக்கிவிட்டுவிட்டுத் தனியாகவே எடுத்துக்கொண்டாள். படத்தைப் பார்த்ததும் சிரித்தாள். ஏனுங்க, இவ்வளவு அசந்தா போயிருக்கறேன் என்று சேமலையிடம் கேட்டாள். அவள் அதைக் கூடத்துக்குக் கொண்டுபோய்த் தறிக்கு மேலே ஒட்டினாள், பக்கத்துத் தறிக்காரிகளும் தங்களுடையதைக் கொண்டுவந்து ஒட்டினார்கள், அந்த வரிசையான மூடின முகங்களைப் பார்த்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தறியை நிறுத்த வேண்டுமென்று அவர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். முதலாளி கத்தினார், நாகரத்தினம் டப்பாவை நகர்த்திப் பார்த்தாள், கடைசியில் அரைநாள் தறி நின்றது.

ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. ஊரில் காய்ச்சல் பரவியது. பலருக்கு வந்து பலருக்குப் போனது, கலாமணிக்கு வந்தது போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சேமலை ஸ்டூடியோவுக்கு வந்தான். அவள் போனதும் தறிக்கு மேலிருந்து பத்திரமாகப் பிரித்து வீட்டில் வைத்திருந்த படத்தை, ஒரு பழைய காலண்டர் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அதை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றான்.

"இவ கண்ணைத் திறந்து குடுங்கண்ணா" என்றான்.

மரகதம் உள்ளேயிருந்து வந்து அவனை உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னான். வீட்டில் இந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டு விளக்கு வைத்திருந்தது. மோனிஷா அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் வாயெடுத்தால் விரலை உதட்டில் வைத்து, அம்மா தூங்குகிறாள், சத்தம் போடாதீர்கள் என்கிறாள். அழவே இல்லை. அவளும் மெல்லத்தான் பேசுகிறாள். பாத்திரம் உருண்டால் படத்தைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"எப்பத்தான் எந்திரிப்பாங்கன்னு எங்கிட்டக் கேக்கறாண்ணா. நான் என்னன்னு சொல்றது?"

அர்த்தநாரி அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, பிரவீனின் கடைப்படியில் ஏறினார். பிரவீன் நல்ல பையன். மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வேறொரு பெண்ணின் கண்களை எடுத்துக் கலாமணியின் முகத்தில் பொருத்தி, நிறம் சரிசெய்து கொடுத்தான். சேமலை பார்த்தான். இது யாருண்ணா என்று கேட்டுவிட்டு, மூடின படத்தையே திரும்ப வாங்கிக்கொண்டு போனான்.

அதன்பிறகு அர்த்தநாரி கடையைத் திறக்கவில்லை. பீரோவில் இருந்த பழைய நெகட்டிவ்களையெல்லாம் கீழே கொட்டி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கலாமணி எதிலாவது இருக்கிறாளா என்று பார்த்தார். தறிக்காரி என்றால் யாராவது ஒரு தறிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருப்பாள், வந்திருந்தால் ஏதாவது ஓரத்தில் நின்றிருப்பாள். மரகதமும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினாள். அவர்கள் தேடினதில் கலாமணி கிடைத்தாள். யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்தில், பழைய கேமராவில் எடுத்தது. வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாள், ஆனால் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிவிட்டாள், காதும் கன்னத்தின் ஒரு விளிம்பும்தான் இருக்கிறது. அதற்கு முந்தின கணத்தில் அவள் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். தட்டு அவள் கையில் நேராகவே இருந்தது.

அர்த்தநாரி அந்த நெகட்டிவை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பழசிலும் வரவில்லை, புதுசிலும் வரவில்லை, இதைவிடப் பெரியதாக ஒன்று இருந்தால் அதையும் வாங்கிப் பார்க்கலாம், ஆனால் விற்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்றார். மரகதம் கொட்டிக் கிடந்த நெகட்டிவ்களை அள்ளி அடுக்கினாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே" என்றாள் பிறகு.

அவர் பார்த்தார்.

"அமுக்கற நேரத்துல நீங்க கண்ணை மூடிக்கறீங்க."

"எந்தக் கண்ணை?"

"ரெண்டையுந்தான். நான் பக்கத்துலதானே வெளக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன், இருவது வருசமாப் பாக்கறேன். படம் நல்லா வரோணும்னு சாமி கும்புட்டுக்கறீங்கன்னு நெனச்சேன்."

அர்த்தநாரி இல்லையென்று சொல்ல வாயெடுத்தார். பிறகு எழுந்துபோய், பிலிம் போடாத வெறும் பழைய கேமராவைக் கண்ணில் வைத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து அமுக்கினார். அமுக்கினபோது கடிகாரம் இல்லை. மறுபடி அமுக்கினார், அப்போதும் இல்லை. விரல் இறங்குகிற அந்த இடத்தில் இமையும் இறங்குவது, யாரோ பின்னாலிருந்து கையை வைத்து மூடுவதுபோல, அவ்வளவு தெரிந்த பழக்கமாக, அவ்வளவு இதமாக இருந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு நொடி யாரும் அவரைப் பார்க்கவில்லை. எதிரில் நிற்கிறவர்கள் தன்னை நம்பி முகத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிற அந்த ஒரு நொடியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பழைய கேமரா அதைக் கண்டுகொள்ளாமல் முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. புதுசு அப்படி இருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் இருவரும் சேமலையின் வீட்டுக்குப் போனார்கள். ஒற்றை அறை, வாசலில் குடை, மூலையில் மாலை போட்ட படம், எண்ணெய் விளக்கு, பக்கத்தில் மோனிஷா. அவர்கள் செருப்பைக் கழற்றுகிற சத்தத்துக்கே விரலை உதட்டில் வைத்தாள். கலாமணியின் கண்ணைத் திறக்க முடியாது, குழந்தையை வேண்டுமானால் ஒன்று எடுத்துத் தருகிறேன், வருமோ வராதோ தெரியாது என்று அர்த்தநாரி சேமலையிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். சேமலை சுவரோடு ஒதுங்கி நின்றான். மரகதம் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

அவர் குழந்தைக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்தார். அமுக்கினார், திரையில் மோனிஷா மூடியிருந்தாள். அம்மாவும் மகளுமாக இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி இருந்த அந்தப் படத்தை அவர் சேமலை பார்ப்பதற்குள் அழித்தார். இரண்டாவது தடவை இமை பாதியில் விழுந்தது, குழந்தையும் பாதிக் கண்ணில் நின்றாள். மூன்றாவது தடவை, பலகையில் ஆணியைப் பிடுங்குகிறவன்போல் முகத்தை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் கட்ட, கட்டின நீருக்குள்ளேயே விழித்துக்கொண்டு அமுக்கினார்.

அப்போது அவர் பார்த்தார். கேமராவின் 'க்ளக்' என்ற அந்தச் சத்தத்தில் அம்மா எழுந்துவிடுவாளோ என்று மோனிஷாவின் கண்கள் சட்டென்று விரிந்ததையும், உடனே, எழுந்தால் நல்லதுதானே என்று அவை நிதானித்ததையும், அதற்கு அப்புறம் அந்தக் கண்கள் தன் பக்கம் திரும்பி, இங்கே என்ன நடக்கிறதென்று நீங்களாவது சொல்லுங்கள் என்று கேட்டதையும் பார்த்தார். ஒரு நொடிக்குள் இவ்வளவும் இருந்தது. இத்தனை வருஷம் இத்தனை பேரும் தன்னை இப்படியெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று நினைத்ததும் அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

படம் சரிந்திருந்தது. ஒரு காது வெட்டுப்பட்டிருந்தது, விளக்கு வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழுந்திருந்தது. கண் திறந்திருந்தது. சேமலை குனிந்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே சுவரில் முதுகை உரசிக்கொண்டு கீழே உட்கார்ந்தான்.

"அவ கண்ணு" என்றான். "இது அவ கண்ணுங்கண்ணா."

மோனிஷா எழுந்துவந்து எட்டிப் பார்த்தாள். தன் படத்தைப் பார்த்தாள், திரும்பி மாலை போட்ட படத்தைப் பார்த்தாள், மறுபடி தன்னைப் பார்த்தாள். பிறகு மூலைக்குப் போய், படத்துக்கு நேரே நின்று, அந்த வீட்டில் இத்தனை நாள் யாரும் பேசாத குரலில், தெருக்கோடித் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, அம்மா என்று கூப்பிட்டாள். சற்று நேரம் காத்திருந்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்புறம்தான் அழுதாள். சேமலை அவளை வாரி எடுத்துக்கொண்டான். மரகதம் கையிலிருந்த விளக்கை அணைத்தாள்.

அதற்குப் பிறகு அர்த்தநாரியின் படங்களில் யாரும் கண்ணை மூடவில்லை. ஊர் இதைச் சுலபத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. கேமரா கெட்டுவிட்டது என்றார்கள், கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்கள், தரகர்கள் வந்து சண்டை போட்டார்கள். அரைநாள் விட்ட ஞாயிற்றுக்கிழமையை முதலாளி திரும்பக் கேட்டார், தறிக்காரிகள் கொடுக்கவில்லை. மெல்ல மெல்லப் பழைய மூடின படங்களைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். கோயில் மணியை மட்டும் உச்சிப் பொழுதில் இன்றும் மெல்லத்தான் தட்டுகிறார்கள்.

அர்த்தநாரி எடுக்கிற படங்கள் சிலது நன்றாக வரும், சிலது வராது. வராதபோது சொல்லிக்கொள்ள அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று மட்டும் சொல்வார். அமுக்கும்போது இப்போதும் அவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது, முன்னைவிட அதிகமாகவே. மேடையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மரகதம் மட்டும் அவர்களைப் பார்ப்பதில்லை. கேமராவுக்குப் பின்னால் துடித்துத் துடித்துத் திறந்து நிற்கிற அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள்.